ஒரு வலது கால் செருப்பின் வழக்கு

ஐம்பத்திரண்டு வயதாகிறது. இன்றுவரை எந்த வாசலிலும் என் செருப்பு இரண்டையும் ஒன்றாகக் கழற்றி வைத்தவன் இல்லை நான்.

கோயிலாக இருக்கட்டும், கல்யாண மண்டபமாக இருக்கட்டும், டாக்டர் வீடாக இருக்கட்டும் - ஒன்று இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில். நடுவில் குறைந்தது பதினைந்து அடி. காரணம் எளிமையானது. ஒற்றைச் செருப்பை எவனும் எடுக்க மாட்டான். அதன் ஜோடியைத் தேடிப் பிடிக்கிற அளவுக்குப் பொறுமை உள்ளவன், வேறு ஏதாவது நல்ல வேலைக்குப் போயிருப்பான்.

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறவர்கள்தான். மீதிப் பாதி, ஒருமுறையாவது வெறுங்காலோடு வீடு திரும்பியவர்கள்.

இந்தத் தற்காப்புக் கலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. உண்டு என்பதை 'இருந்தது' என்று மாற்றிக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடையில், என்னைத் திருடன் என்று பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

ஒரு சின்னத் திருத்தம். ஒற்றைச் செருப்புத் திருடன் என்று.

நடந்தது இதுதான். முடிச்சூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஷாஜகான் பாய் மகளுக்கு நிக்காஹ். எங்கள் வீட்டுக் குழாய், தாழ்ப்பாள், பூட்டு எல்லாமே பாய் கடைச் சரக்கு. அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தால் குழாய்கூடக் கோபித்துக்கொள்ளும். மனைவி பத்மா மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு நாளிலும் ஸ்பெஷல் கிளாஸ். ஆகவே நான் மட்டும் போனேன்.

மண்டபத்தில் ஆண்கள் பக்கம் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வாசலில் முந்நூறு ஜோடிச் செருப்பாவது கிடந்திருக்கும். பார்த்ததுமே எனக்குள் இருந்த நிபுணர் விழித்துக்கொண்டார். வலது கால் செருப்பை வாசலோரம் ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். இடது கால் செருப்பைப் பக்கத்துச் சந்துக்கு எடுத்துப் போய், அங்கே நின்றிருந்த வெள்ளை வேனின் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு மாதம்தான் ஆகிறது வாங்கி. பிரவுன் கலர், இரண்டு பட்டை. பத்திரமாக இருக்க வேண்டாமா?

நிக்காஹ் முடிந்தது. பிரியாணி, தால்ச்சா, பிரெட் அல்வா. கை கழுவி, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தொட்டிக்குப் பின்னால் வலது கால் இருந்தது.

சந்துக்குப் போனேன். வேன் இல்லை.

வேன் இல்லாத சந்தில் 'வேனின் பின்சக்கரம்' எந்த இடம் என்று யாரால் சொல்ல முடியும்? வேன் நின்ற இடமெல்லாம் இப்போது பைக்குகள். குனிந்து குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பைக்குக்கும் அடியில் ஒருவன் குனிந்து பார்த்தால் பைக்கின் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டு பேர் என்ன நினைத்தார்கள் என்பது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. பாயிடம் சொல்லலாம். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண் கலங்கி நிற்கிற மனிதரிடம் போய், 'உங்கள் உறவினர்களுக்குப் பயந்து என் செருப்பை ஒளித்து வைத்தேன், காணவில்லை' என்றா சொல்வது?

வலது கால் செருப்பைத் தாம்பூலப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒற்றைச் செருப்போடு நடப்பவனை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். வெறுங்காலோடு நடப்பவனை ஏதோ விரதம் என்று விட்டுவிடும். மே மாத வெயிலில், விரதக்காரனாக, ஐந்து நிமிட நடையில் இருக்கிற செருப்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

புதுக் கடை. மூன்று மாடி. ஏ.சி. வாசலிலேயே ஒரு போர்டு - 'எங்கள் கடையில் பிடிபட்டவர்கள்'. கீழே நான்கு கலர் போட்டோ. நாலு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. நான் நின்று நிதானமாக ரசித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்தப் பாவமும் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

கதவோரம் செக்யூரிட்டி. நீல யூனிஃபார்ம், சட்டையில் 'ஏழுமலை' என்று பெயர். ஐம்பது வயதிருக்கும்.

"பையில இன்னா சார் கீது?"

"தேங்காய், ஸ்வீட்டு. ஒரு வாரப் பத்திரிகை."

சொன்னது அத்தனையும் உண்மை. செருப்பு ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வெட்கம்.

"கல்யாணப் பையா? சின்னப் பைதான? எட்த்துனு போங்க. டோக்கன் வேணாம்."

அந்த நல்ல மனிதர் என்னை நம்பிவிட்டார். அதுதான் பிறகு அவருக்கு வினையாக வந்தது.

இந்த டோக்கன் விஷயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போதெல்லாம் நம் ஊரில் எந்தக் கடைக்குள்ளும் மனிதனாக நுழைய முடிவதில்லை, கவனித்தீர்களா? சந்தேகத்துக்குரியவனாகத்தான் நுழைகிறோம். ஸ்டேஷன் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் என் பையின் வாயை பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிவிட்டார்கள். என் மூக்குக் கண்ணாடி பைக்குள். பத்மா எழுதிக் கொடுத்த சீட்டு கைக்குள். ஒன்றும் தெரியாமல் துவரம் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று சாம்பார் இல்லை. ஷேவிங் பிளேடை இப்போது வைர நெக்லஸ் மாதிரி கேஷ் கவுண்டருக்குப் பின்னால் பூட்டி வைக்கிறார்கள். பணம் கட்டுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கிற மனிதர், நான்கு எட்டு நடந்து போனதும் பில்லைக் காட்டச் சொல்லி ஓட்டை போடுகிறார்.

'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அலமாரியைத் திறந்து வைத்தவர்களும் இவர்கள்தான். 'எடுத்துவிடுவானோ' என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களும் இவர்கள்தான்.

செருப்புக் கடைக்காரர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். அலமாரியில் ஒரு காலை மட்டும் வைப்பார்கள். பார், தொடு, போட்டுப் பார். பிடித்தால் சொல், இன்னொரு கால் குடோனிலிருந்து வரும். அதாவது நான் மண்டப வாசலில் செய்வதைத்தான் அவர்கள் கடை முழுக்கச் செய்கிறார்கள். சக கலைஞர்கள்!

நான் போன கடையில் எல்லாமே இடது கால். வரிசையாக, சுவர் முழுக்க, இடது கால்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வரும்போதெல்லாம் நான் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால் வாழ்க்கையில் பாதித் தொல்லை குறையும். என்னிடம் இருப்பது வலது கால். இவர்களிடம் அதே மாடலில் இடது கால் இருந்தால்... 'ஒற்றைக் கால் மட்டும் கொடுப்பீர்களா' என்று கேட்டுப் பார்த்தால் என்ன?

தேடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தது. அதே பிரவுன், அதே இரண்டு பட்டை. அதேதானா? பையைத் திறந்து என் வலது கால் செருப்பை எடுத்தேன். அலமாரியில் இருந்த இடது கால் செருப்பைப் பக்கத்தில் வைத்தேன். திருப்பிப் பார்த்தேன். அச்சு அசல் ஜோடி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே விற்பனைப் பெண் எங்கே என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தேன்.

இந்தக் காட்சியை, பேச்சில்லாமல், கறுப்பு வெள்ளையில், கூரையில் இருக்கிற கேமரா வழியாகக் கற்பனை செய்து பாருங்கள்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"சார், கொஞ்சம் ஆபீஸ் ரூமுக்கு வர்றீங்களா?"

டை கட்டிய இளைஞர். மேனேஜர். பின்னாலேயே ஏழுமலை.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஒரு சின்ன டி.வி., மேஜை, ஸ்டூல். மேனேஜர் என் பையிலிருந்து தேங்காயை எடுத்து வைத்தார். ஸ்வீட்டை எடுத்து வைத்தார். வலது கால் செருப்பை இரண்டு விரலால் தூக்கினார், தடயம் மாதிரி.

"இது யாருது சார்?"

"என்னுது."

"இன்னொரு கால் எங்கே?"

"காணோம்."

"எங்கே வாங்கினீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "உங்கள் கடையில்தான் சார். குரோம்பேட்டை பிராஞ்ச்!"

நல்ல பெயர் வாங்கித் தரும் என்று நினைத்துச் சொன்னேன். மேனேஜர் மெதுவாக ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை மெதுவாக என்னைப் பார்த்தார்.

"குரோம்பேட்டையா..." என்றார் மேனேஜர்.

விஷயம் என்னவென்றால், இந்தக் கடையில் இடது காலை அடுக்கி வைத்திருக்கிறார்கள். குரோம்பேட்டை பிராஞ்சில் யாரோ ஒரு மகானுபாவர் வலது காலை அடுக்கி வைத்திருந்தார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் எவனோ ஒரு புண்ணியவான் இதைக் கண்டுபிடித்துவிட்டான். குரோம்பேட்டையில் நான்கு வலது கால். பஸ் ஏறி இங்கே வந்து இரண்டு இடது கால். மீதி இரண்டை எடுப்பதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள். ஆள் ஓட்டம்.

ஆக, ஜோடி சேராத இரண்டு வலது கால்கள் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. 'இடது காலைத் தேடி நிச்சயம் வருவான்' என்று மேனேஜர் மூன்று வாரமாக டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

நான் வந்தேன். வலது காலோடு. வெறுங்காலோடு.

"சாம்பிளுக்கு வெக்கறது எட்டாம் நம்பர். உங்க சைஸ் என்ன சார்?"

"எட்டு" என்றேன். பொய் சொல்லலாம் என்றால் செருப்பிலேயே எழுதியிருக்கிறது.

"பில் இருக்கா?"

"செருப்புக்குப் பில்லை எந்த மனிதன் சார் இரண்டு மாதம் வைத்திருப்பான்?"

"எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். பையில் இருந்த பத்திரிகையைப் பிரித்து, நான் எழுதும் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். "நான் எழுத்தாளன் சார். வாராவாரம் எழுதுகிறேன். பாருங்கள், என் போட்டோ."

மேலே இருக்கிற போட்டோவை நீங்களும் ஒருமுறை பாருங்கள். அதில் இருப்பவருக்குத் தலை நிறைய முடி இருக்கிறது. எடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. மேனேஜர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இவர் உங்க தம்பிங்களா சார்?"

பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு கேமராவை எடுத்தார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஃபிளாஷ் அடித்துவிட்டது.

அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் முழுதாக உறைத்தது. போலீஸுக்குப் போக மாட்டார்கள். ஆனால் ஐந்தாவது போட்டோவாக நான் வாசலில் தொங்குவேன். சரியாக இரண்டு வாரத்தில் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும். மேற்குத் தாம்பரத்தில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கறுப்பு ஷூ வாங்க வருவது இந்தக் கடைக்குத்தான். பத்மாவின் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். ஆண்டு விழாவுக்கு அவள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன் நான். 'மிஸ், உங்க வீட்டு சார் போட்டோ செருப்புக் கடையில இருக்கு மிஸ்' என்று ஒருத்தன் எழுந்து நின்று சொன்னால்... இருபது வருடமாக அந்தப் பள்ளியில் நிமிர்ந்து நடக்கிறவள் அவள்.

"சார்," என்றேன். "அந்த இடது கால் மண்டபத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. நான் ஒளித்து வைத்தேன்."

"ஒளிச்சு வெச்சீங்களா? ஏன்?"

"திருடு போகாமல் இருக்க."

மேனேஜர் என் வலது கால் செருப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். மோசமான ஆளில்லை. யோசித்துச் சொன்னார்: "சரி. இது ரெண்டு மாசம் போட்ட செருப்புன்னா அதுவும் இதே மாதிரி தேஞ்சிருக்கும். அதைக் கொண்டு வாங்க, ஒத்துக்கறேன். இல்லன்னா போட்டோ போர்டுக்குப் போயிடும் சார். எனக்கு வேற வழியில்ல. ஏழுமலை, கூடப் போ. நீதானே டோக்கன் போடாம உள்ளே விட்டே?"

வலது கால் அங்கேயே பிணையாக நின்றது. நானும் ஏழுமலையும் தெருவில் இறங்கினோம். தார் ரோடு கொதித்தது. நான் நிழலுக்கு நிழல் தாவினேன். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் பின்னால் வர, வெறுங்காலோடு ஒருவன் தாவித் தாவிப் போனால் பார்ப்பவர்கள் கதையைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள்.

"இந்தாண்ட ஓரமா வாங்க சார். கால் வெந்துடப் போவுது," என்றார் ஏழுமலை. கொஞ்ச தூரம் போனதும், "என்னோட ஷூ ஒண்ணு கழட்டித் தரட்டா? ஆளுக்கு ஒரு கால்," என்றார்.

"உங்களுக்கும் என்னால் கஷ்டம்" என்றேன்.

"அத்த வுடுங்க சார். போன மாசம் செருப்பு போச்சே, அப்பவே கேட்டாரு. 'நீ இன்னா வாசல்ல கோலமா போட்டுகினு இருந்தே'ன்னு. இன்னைக்கும் நான்தான் மாட்டிகினேன். ஒரே பேஜாரு." சற்று நின்று, "ஆமா, எங்க வெச்சீங்க?" என்றார்.

"வேனின் பின்சக்கரத்துக்குப் பின்னால்."

"வேன் இப்ப எங்க?"

"அதுதான் தெரியவில்லை."

ஏழுமலை நடப்பதை நிறுத்திவிட்டார். "சார்... ஓட்ற வண்டியவா அடையாளம் வெச்சீங்க?"

நான் அடுத்த நிழலுக்குத் தாவினேன்.

"நானும் கோயிலுக்குப் போனா பிரிச்சித்தான் வெப்பேன்," என்றார் அவர், ஆறுதலாக. "ஆனா ஒண்ணு மரத்தாண்ட, ஒண்ணு போஸ்ட்டு கம்பத்தாண்ட. ரெண்டும் எங்கியும் போவாது பாருங்க."

மண்டப வாசலில் ஷாஜகான் பாயே நின்றிருந்தார்.

"அட, வாங்க சார்! சாப்பிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு சொன்னாங்களே?" என்றவர், எனக்குப் பின்னால் இருந்த யூனிஃபார்மைப் பார்த்தார். "என்ன சார்... யாரு இவரு?"

ஏழுமலைதான் முந்திக்கொண்டார். "சாரு நம்ம சிநேகிதரு பாய். இங்க ஒரு பொருள தவற வுட்டுட்டாரு. தேடிப் பாக்க ஒத்தாசைக்கு வந்தேன்."

"என்ன பொருள்? செல்போனா? மைக்குல சொல்லச் சொல்றேன் இருங்க!" பாய் உள்ளே திரும்பினார்.

"வேண்டாம் பாய்! வேண்டாம்!" நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "செருப்பு. இடது கால் மட்டும்."

பாய் என் காலைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனுஷர். "தேடிக்கலாம். மொதல்ல இவர சாப்பிடச் சொல்லுங்க. வாங்கண்ணே, கடைசிப் பந்தி போடறாங்க."

"டூட்டில கீறேன் பாய்..."

"டூட்டி ஓடியா போயிடும்? உக்காருங்க."

ஏழுமலை உட்கார்ந்தார். ஒருவர் என்னைக் காவல் காக்க வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிடுகிறார் என்றால் நான் ஓடியிருக்கலாம். வெறுங்காலோடு எங்கே ஓடுவது? சந்துக்குப் போய் மறுபடி தேடினேன். பைக்குகளுக்கு அடியில், விறகுக் குவியலுக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுக்கு நடுவில். இல்லை. சுவரோரமாக உட்கார்ந்து, ஐந்தாவது போட்டோவுக்குக் கீழே என்ன எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும்.

"சார்! சார்! இங்க ஓடியாங்க!"

கை கழுவும் இடத்திலிருந்து ஏழுமலையின் குரல். ஓடினேன்.

பின்கட்டில் ஒரு மர பெஞ்ச். அதன்மேல் குழாய் வைத்த நீல டிரம். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில், மடங்கி, நசுங்கி, ஈரத்தில் ஊறி... என் இடது கால் செருப்பு.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் சொன்னார்: "வேனு கெளம்பும்போது சந்துல கெடந்துச்சுங்க. ஒத்தச் செருப்பு, யாரு தேடப் போறாங்கன்னு முட்டுக் குடுத்துட்டோம். டிரம்மு ஆடிக்கினே இருந்துச்சு."

நான் சாப்பிட்டுவிட்டு அந்தக் குழாயில்தான் கை கழுவினேன். பாதத்துக்கு ஓரடி தள்ளி என் செருப்பு பெஞ்சைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. டிரம் ஆடவே இல்லை என்பதைக்கூட அப்போது கவனித்தேன். நல்ல மண்டபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலை தோளால் பெஞ்சைத் தூக்க, நான் செருப்பை உருவினேன். பதிலுக்கு அந்த அம்மாளுக்கு ஒரு விறகுக் கட்டையைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மேனேஜர் இரண்டு செருப்பையும் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். நகை மதிப்பிடுகிறவர் மாதிரி குனிந்தார். இரண்டிலும் குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"ஒரு பக்கமா சாஞ்சு நடப்பீங்களா சார்?"

"டாக்டர்கூடச் சொல்லியிருக்கிறார்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கோணல் நடையைப் பற்றிப் பெருமையாக.

மேனேஜர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "ஸாரி சார். ரொம்ப ஸாரி. மூணு வாரமா தூங்கல சார். மேலேருந்து தினம் ஃபோன்." கேமராவை எடுத்து என் கண் முன்னாலேயே அந்தப் போட்டோவை அழித்தார். அழிப்பதற்கு முன் ஒரு விநாடி நான் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம், கலைந்த நாலு முடி, திருதிரு விழி. நான் மேனேஜராக இருந்திருந்தால் நானும் பிடித்திருப்பேன்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. அந்த போர்டில் நான் இல்லை என்ற நிம்மதி கோபத்துக்கு இடமே வைக்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, ஈரச் செருப்பில் காலை நுழைத்து, முதல் அடி வைத்தபோது 'சளக்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்... அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. ஏழுமலை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க சார். பிரியாணி சூப்பரு," என்றார்.

கோபம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேனேஜர் என் ஒருவனைத்தான் சந்தேகப்பட்டார். நானோ, காலையில் அந்த மண்டப வாசலில், ஷாஜகான் பாயின் சொந்தபந்தம் முந்நூறு பேரையும் ஒட்டுமொத்தமாகச் சந்தேகப்பட்டுவிட்டு, உள்ளே போய் அவர்களோடு ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையை வாழ்த்தினேன். இரண்டு வாசலிலும் ஒரே நினைப்புதான். கடைக்காரர்களாவது கேமரா வைத்து, ஆள் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பத்மாவிடம் சொன்னேன். போட்டோவை அழித்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். 'உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன்' என்பதை நேரடியாகச் சொல்லாமல், அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

விடைத்தாளிலிருந்து நிமிராமல் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்களைத் திருடன்னு நெனச்சதுகூடப் பரவாயில்லங்க. அங்க வலது கால், இங்க இடது கால்னு கண்டுபிடிச்சு, ரெண்டு கடை ஏறி எறங்கி, சைஸ் பாத்து ஜோடி சேத்து எடுக்கற அளவுக்கு உங்களுக்குச் சாமர்த்தியம் இருக்குன்னு அந்த ஆளு எப்படிங்க நம்பினாரு?"